பெரிய மாடு முதலில்

"ஏய் எசுலு! வீட்டுல கிணத்தை வெச்சுக்கிட்டு ஓடைக்கு எதுக்குய்யா வர்றே? எங்க தண்ணியைக் கலக்கவா?"

அமுலேன் கத்துவாள். எசுலு காதிலேயே வாங்கமாட்டான். தன் இரண்டு பெரிய எருதுகளையும் அவளுடைய சினைப்பசுவுக்கு முன்னால் ஓட்டி ஓடையில் இறக்குவான். அவை பசுவை உரசிக்கொண்டு நின்று தண்ணீரைச் சேறாக்கும்.

"பெரிய மாடு முதல்ல, அண்ணி." அவ்வளவுதான் அவன் பேச்சு.

எங்கள் தேசோ சீமையில் அப்போதெல்லாம் பொழுது இந்தச் சண்டையோடுதான் விடியும். இப்போது ஊருக்குக் குழாய் வந்துவிட்டது, ஓடைப்பக்கம் ஆளே இல்லை. அந்தக் கூச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

அவள் கோபம் நியாயமானதுதான். ஓடைப் புதரில் மாட்டு நோயைப் பரப்பும் செட்சி ஈ. அது கடித்து, அவளுடைய உழவு மாடுகள் இரண்டும் கண்ணில் நீர் வடிய, எலும்பும் தோலுமாகிச் செத்துப்போயின. மிச்சம் அந்த ஒரு பசு. அதுவும் போனால் பிள்ளைகளுக்குப் பாலும் இல்லை, இனி ஏர் பூட்ட வழியும் இல்லை.

எசுலு, செத்துப்போன அவள் புருஷனின் தம்பி. எங்கள் வழக்கப்படி அண்ணன் செத்தால் அண்ணி தம்பிக்கு. இவளோ குலத்தார் அத்தனை பேர் முன்னாலும் முடியாது என்றுவிட்டாள். "இவன் வீட்டுத் துரும்புகூட என் வாசலுக்கு வரக்கூடாது" என்று வேறு சொல்லிவைத்தாள்.

அந்த வன்மத்தைத்தான் மாட்டை விட்டுத் தீர்த்துக்கொள்கிறான் என்று ஊரே முடிவு கட்டியது.

ஒருவழியாகப் பசு ஈன்றது. நல்ல திடமான காளைக்கன்று. அமுலேன் கேழ்வரகுக் கள் போட்டு ஊரைக் கூப்பிட்டாள். பானையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு நீளக் குழலால் உறிஞ்சினோம். எசுலுவுக்கு மட்டும் குழல் இல்லை.

"அவனையும் கூப்பிட்டிருக்கலாமே?" என்றார் மாட்டு மருந்துக்காரர் ஒஜிலோங்.

"வந்தா பானையையும் கலக்கிடுவான்!" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒகிரியா. எல்லோரும் சிரித்தோம்.

ஒஜிலோங் சிரிக்கவில்லை. "புதர் பூரா ஈ இருந்துச்சே. இந்தப் பசு எப்படித் தப்பிச்சுதுன்னு யாராவது யோசிச்சீங்களா?"

"என் பசு கெட்டிக்காரி," என்றாள் அமுலேன்.

"பசு இல்லம்மா, உன் கொழுந்தன். என்கிட்ட ஈ மருந்து வாங்கி, எருதுங்க காலுலயும் வயித்துலயும் விடாம பூசுறான். அந்த ஈ, கூட்டத்துல பெரிய மாடா பாத்துத்தான் போகும். அதுவும் காலைத்தான் கடிக்கும். மருந்து மேல உக்காந்தா செத்துச்சு. அதான் எருதுங்களை உன் பசுவை ஒட்டி நிறுத்துறான்."

குழல்களை வாயிலிருந்து எடுத்துவிட்டோம்.

"சாகுறதுக்கு முன்னாடி ஒரு ஈ கடிச்சுட்டாலும் உன் எருது போச்சு, பேசாம கிணத்தடியிலயே கட்டிவைன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டானா? 'அண்ணி அவங்க மாட்டை என்னைத் தொட விடமாட்டாங்க. ஓடை பொதுதானே'ன்னுட்டான்."

"எங்ககிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே, பாவி," என்றான் ஒகிரியா.

"சொன்னா சும்மா விட்டிருப்பீங்களா? மறுபடியும் அண்ணியை வளைக்கப் பாக்குறான்னு இதே பானையைச் சுத்தி உக்காந்து பேசியிருப்பீங்க."

அமுலேன் அடுப்புப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

மறுநாள் காலையில் நாங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனபோது, அவள் முன்னமே அங்கே இருந்தாள். பசுவைத் தண்ணீரில் இறங்கவிடாமல் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தாள்.

தூரத்தில் எசுலுவின் எருதுகள் தெரிந்தன. அவ்வளவுதான், அதே குரல்.

"ஏய் எசுலு! எவ்வளவு நேரம்யா என் பசு தாகத்தோட நிக்கும்? பெரிய மாடு முதல்ல இறங்க வேண்டாமா?"