ஓலைக்கூரைப் புகார்

முப்பத்தெட்டாம் வருசத்து ஆனியில், திருச்செங்கோட்டு நெசவாளி கந்தவேலின் வாசலில் பஞ்சாயத்து போர்டு இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

"மூணு நாளுக்குள்ள ஓலைக்கூரையைப் பிரிச்சிடணும். தீப்பிடிக்கும்னு புகார் வந்திருக்கு."

"கட்டணம் கட்டினா ஓலைக்கு அனுமதி உண்டுன்னாங்களே சாமி! இப்பவே கட்டிப்போடறனுங்க."

"புகார் வந்துட்டா அனுமதி கிடையாது. இனி ஓடுதான் போடணும்."

ஓடு வாங்க வக்கிருந்தால் அவன் ஏன் ஓலைக்கடியில் கிடக்கிறான்? கூரை போனால் தறி நனையும். தறி நின்றால் கஞ்சிக்கும் வழியில்லை.

"எந்தப் பாவிங்க புகார் குடுத்தது? பக்கத்து ஊட்டுக்காரன்தானுங்களே?"

இன்ஸ்பெக்டர் தயங்கினார். "கைநாட்டு வெச்சது உன் சம்சாரம் ராமாத்தாள்தானப்பா."

கந்தவேல் திடுக்கிட்டுத் திரும்பினான். ராமாத்தாள் கைக்குழந்தையோடு நிலைப்படியில் நின்றாள்.

"ஏன் புள்ளே? நடுத்தெருவுல நிக்கப்போறமே!"

"நின்னுக்கலாமுங்க. போன மாசியில கூரை பத்தினப்ப மூத்தவளை வெளிய இழுக்க முடியலை. மறுபடியும் ஓலையைத்தானே வேஞ்சீங்க? இவளையும் குடுக்க என்னால ஆகாதுங்க."

மூன்று நாள் கெடு இருந்தும், கந்தவேல் அப்போதே ஏணியைச் சாத்தி மேலே ஏறினான்.

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது.