ஆவி வராத குழாய்

மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் ஒரு வீட்டுச் சுவருக்குள் குளிரைத் தடுக்கும் இன்சுலேசன் பஞ்சு அடித்தபோது, காஸில் எரியும் சுடுதண்ணித் தாங்கியின் புகைக்குழாயையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். அன்று மாலையே வீட்டுக்காரி நிரோஜாவும் ஆறு வயது மகளும் நச்சுப்புகையில் மயங்கி விழுந்தார்கள்.

மறுநாள் காலை, நோத்ர-டாம்-த-கிரேஸில், பஞ்சு அடித்த கொம்பனியின் கந்தோர். முதலாளி றெனோல்ட் ஒரு கடதாசியை மேசையில் போட்டார்.

"ரெண்டு கையெழுத்துக் கிடக்கு. பஞ்சு அடிச்சது கணேசலிங்கம் அண்ணை. அடிச்ச பிறகு குழாயைப் பார்த்தது நீங்கள், ஜெகதீஸ்வரி. பார்த்தனீங்களோ?"

"கையெழுத்து என்ரதுதான்."

"நான் அதைக் கேக்கேல்லை. பார்த்தனீங்களோ?"

"இல்லை."

ஜெகதீஸ்வரி வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி நின்றாள்.

கணேசலிங்கம் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக மொன்றியல் சுவர்களைத் துளைத்துப் பஞ்சு அடித்த மனிதர். அவர் செய்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் மரியாதைக் குறைவு. அண்ணை செய்தால் சரி என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கொம்பனியில் அதுதான் வழக்கம்.

இவள் ஆறு கிழமைக்கு முன் வேலை பழக வந்தவள். நாற்பத்திநாலு வயது. அதுவரை டவுன்டவுன் கந்தோர்களில் தரை துடைத்தவள். வகுப்பில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். துளை போட முன் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வீட்டுக்குள் போய்ப் பார்ப்பாள். ஒரு தடியில் வட்டக் கண்ணாடியைக் கட்டி, டோர்ச் அடித்து, சுவர் இடைவெளிக்குள் நோட்டம் விடுவாள்.

"என்ன, பவுடர் போடப் போறியோ?" என்று கேட்டார் கணேசலிங்கம். கொம்பனி வான் வண்டிக்குள் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு அவள் 'கண்ணாடி'தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

நேற்று லொங்குய் வீட்டிலும் அதே கதைதான். பின்னேரம் மூன்றரை. மைனஸ் பதினெட்டு. மெஷினை வான் வண்டியில் ஏற்றியாகிவிட்டது.

"அண்ணை, அந்தப் புகைக்குழாயை ஒருக்காப் பார்த்திட்டு வாறன்."

"என்ர வேலைக்குப் பின்னால நீ சோதனை போடுறியோ?"

"அப்பிடியில்லை அண்ணை. உள்ளுக்க பாத்திரம் கழுவினம், தண்ணிச் சத்தம் கேக்குது. சுடுதண்ணித் தாங்கி எரியுது. ஆனா குழாயில ஆவி வரேல்லை. இந்தக் குளிருக்கு வெள்ளையாய்த் தெரியவேணும். சுவருக்க குழாய் வெடிச்சிருந்தால் பஞ்சு உள்ள போயிருக்கும்."

"கண்ணாடி, வெள்ளிக்கிழமை நீ வேலை பழகின கடதாசியில கையெழுத்து வைக்கிறது நான். அது ஞாபகம் இருக்கட்டும். இப்ப குழாய் பார்த்தாச்சு எண்டு இதில நீ வைச்சிட்டு ஏறு."

வைத்தாள். ஏறினாள்.

இப்போது கந்தோரில் அவள் வாயைத் திறந்தால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். கணேசலிங்கம் காத்திருந்தார். அவள் திறக்கவில்லை.

"அப்ப உங்களுக்குக் கடதாசி இல்லை," என்றார் றெனோல்ட். "இண்டையோட நிண்டுகொள்ளுங்கோ. பொலிசுக்கும் உங்கட பேர்தான் போகும். அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நான் என்னத்தைச் சொல்ல? கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கிற ஆக்களுக்கு இது சரிவராது."

அவள் ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். தலைக்கவசத்தை மேசையில் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போனாள்.

கதவு அதற்குள் திறந்துகொண்டது. உள்ளே வந்தவன் டனிஸ்ரன், நிரோஜாவின் புருஷன். நேற்றைய உடுப்பு. சிவந்த கண். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருக்கிறான்.

"இதில கணேசலிங்கம் ஆர்?"

அடிக்கத்தான் வந்திருக்கிறான். கணேசலிங்கம் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"நான்தான்."

டனிஸ்ரன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"மனுசி எழும்பிட்டா. பிள்ளை இன்னும் கண் திறக்கேல்லை, மூச்சு மட்டும் இருக்கு. இன்னொரு கால் மணித்தியாலம் போயிருந்தால் ரெண்டும் பிரேதம் எண்டு டொக்டர் சொன்னவர். நீங்கள் மட்டும் ஆளை அனுப்பியிருக்காட்டி..."

"நானோ?"

"ஓம் அண்ணை. வேலை முடிஞ்ச பிறகு ஒரு பொம்பிளை மெத்ரோ ரயில்ல தனியத் திரும்பி வந்தவவாம். கதவுக் கண்ணாடியைக் கையால உடைச்சு, காஸை நிப்பாட்டி, ரெண்டு பேரையும் வெளியில பனிக்குள்ள இழுத்து விட்டிருக்கிறா. கணேசலிங்கம் அண்ணைக்கு மனம் கேக்கேல்லை, போய்க் குழாயைப் பார் எண்டு அனுப்பினவர் எண்டு அம்புலன்ஸ்காரருக்குச் சொல்லியிருக்கிறா. தன்ர பேரைச் சொல்லேல்லை. இது வாசல்ல கிடந்தது."

மேசையில் வைத்தான். தடியில் கட்டிய வட்டக் கண்ணாடி. பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஆர் அண்ணை அது? மனுசி பேரைக் கேட்டவ."

றெனோல்ட் நம்ப முடியாமல் பார்த்தார். "நீங்களோ அனுப்பினது?"

ஓம் என்று தலையை ஆட்டினால் போதும், கணேசலிங்கம் தப்பிவிடுவார்.

கதவடியில் அவள் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள், இடது கையால் மட்டும். வலது கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது.

"நான் அனுப்பேல்லை," என்றார் கணேசலிங்கம். "பார்க்கப் போனதை மறிச்சவன் நான். பொலிசுக்கு என்ர பேரை எழுது, றெனோல்ட்."

"அப்ப போனது ஆர்?"

ஆறு கிழமையில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவர் வாயில் வந்தது.

"ஜெகதீஸ்வரி."