எதிர்க்கடைக்குப் போன ரகசியம்

"போன தீபாவளிக்கும் இதே கதைதான். நம்ம சாறி வந்து இறங்க முன்னமே எதிர்க்கடையில அதே சாறி தொங்குது. நான் என்ன ஓடர் பண்றேன்னு எனக்கும் உனக்கும் மட்டுந்தானே தெரியும், அழகமுத்து?"

கட்டுகஸ்தோட்டைப் புடவைக்கடை முதலாளி பொன்னுத்துரை இப்படிக் கேட்டதும் அழகமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. மீசை முளைக்காத வயதில் வேலைக்குச் சேர்ந்த கடை அது.

"சத்தியமா நான் இல்லீங்க முதலாளி."

"அப்ப யாருன்னு கண்டுபிடி. இல்லாட்டி இந்தப் பக்கம் வராத."

அழகமுத்து நேரே தெருவைக் கடந்தான். எதிர்க்கடை ஹனீபா நானா வாசலிலேயே நின்றிருந்தார்.

"நானா, எங்க கடை ரகசியத்த உங்களுக்கு யாரு சொல்றது? என் வேலையே போகப் போகுது!"

"ஷ்! கொஞ்சம் பேசாம இருங்க தம்பி, காது கேக்கல்ல."

கொழும்பு எவ்வளவு தூரமோ அவ்வளவு உரக்கப் பேசினால்தான் டெலிபோனில் கேட்கும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து பொன்னுத்துரையின் குரல் கணீரென்று வந்தது.

"ஹலோ, கொழும்பா? இந்த முறை மயில்கழுத்துக் கலர் அனுப்புங்க! ஆமா, கள்ளனைப் பிடிக்க அழகமுத்துவ அனுப்பியிருக்கேன்! ரகசியம்! எதிர்க்கடைக்காரனுக்குத் தெரியவே கூடாது!"