அமைதியான பிள்ளை

பணியாரத் தட்டு தர்சனின் மூக்குக்கு நேரே நின்றது. அவன் எடுக்கவில்லை.

"தம்பிக்குக் கூச்சம்," என்றார் எங்கள் யோகலிங்கம் மாமா, பெருமையாக. "நல்ல அமைதியான பிள்ளை. குடி இல்லை, சிகரெட் இல்லை, ஒருத்தரோடயும் தேவையில்லாத கதை இல்லை."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

தர்சன் என் தம்பி. முப்பத்தொரு வயது. ஜெயபுரத்திலிருந்து அவனுக்குப் பெண் பார்க்கக் கண்டாவளைக்கு வந்திருந்தோம்.

ஆறு வருடத்துக்கு முன், கொழும்பில் வேலை செய்தபோது, அவனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. சுவருக்குள்ளிருந்து ஆட்கள் ஏசுகிறார்கள் என்று தெருவில் நின்று கத்தினான். ஊருக்கு அது தெரியாது. மாத்திரையில் குரல்கள் போய்விட்டன. நல்ல காலம் என்று நினைத்தேன்.

அதன் பிறகுதான் இந்த அமைதி வந்தது. கதை இல்லை, சிரிப்பு இல்லை, பசி என்று ஒரு சொல் இல்லை.

கிளினிக்கில் டொக்டர் விளங்கப்படுத்தினார். குரல் கேட்பது இந்த வருத்தத்தின் ஒரு பாதி, இது மற்றப் பாதி. இனிப்பை வாயில் வைத்தால் அவனுக்கும் இனிக்கும். ஆனால் இனிப்பைக் கண்டவுடன் 'எடுப்போம்' என்று மூளைக்குள் ஒரு விளக்கு எரியவேண்டும், அது அவனுக்கு மங்கலாக எரிகிறது. "சோம்பல் இல்லையம்மா. ஏசாதேங்கோ," என்றார்.

நான் அதற்கு முன்பே இரண்டு வருடம் ஏசி முடித்திருந்தேன். எருமை மாடு என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

அங்கிருந்த நேர்ஸ்தான் வழி சொல்லித் தந்தார். குளி என்று சொல்லக்கூடாது. வாளியை எடு. தண்ணி அள்ளு. ஊத்து. ஒரு நேரத்தில் ஒன்று. சொன்னால் செய்வான். சொல்லாவிட்டால், பின்னேரம் வரைக்கும் ஈரத் துவாயோடு கிணற்றடியில் நிற்பான்.

ஆவணியில் நான் கனடாவுக்குப் போகிறேன். கணவர் நாலு வருடமாக அங்கே தனிய. அப்பா அம்மா இல்லாத வீட்டில், 'சோத்தைக் குழை, வாயில வை' என்று தம்பிக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கலியாணம் கட்டி வைத்தால் எல்லாம் சரிவரும் என்றார் மாமா. சரிவராது என்று எனக்குத் தெரியும். ஒரு பெண்பிள்ளையை ஏமாற்றப் போகிறோம் என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சீலை உடுத்து வந்தேன்.

"ஒண்டு எடு," என்றேன் அவன் காதோரம்.

எடுத்தான்.

"கடி."

கடித்தான். பயத்தம் பணியாரம். அவன் முகத்தில் ஒரு சின்ன இளக்கம் வந்து போனது. நான் மட்டும்தான் கண்டேன்.

பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். பிரஷாந்தினி. இருபத்தெட்டு வயது. குனிந்த தலை நிமிரவில்லை. "நல்ல அடக்கம்," என்று மாமா என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

தர்சனுக்கு முன்னால் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

எங்களுக்குப் பணியாரம் நீட்டிய தாய் விமலேஸ்வரி பின்னால் வந்தார்.

"குடு பிள்ளை."

கொடுத்தாள்.

"ஒண்டு நீ எடு."

எடுத்தாள்.

"தட்டை மேசையில வை. இப்ப கதிரையில இரு."

வைத்தாள். இருந்தாள்.

"சொல்வழி கேக்கிற பிள்ளை," என்று மாமா உருகிப்போனார்.

கோபமும் இல்லாமல் கொஞ்சலும் இல்லாமல், ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைச் சொல்லும் அந்தக் குரலை எனக்குத் தெரியும். நாலு வருடமாக என் வாயிலிருந்து வருவதும் அதே குரல்தான்.

வெற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு விமலேஸ்வரியின் பின்னால் குசினிக்குப் போனேன். அவர் அடுப்படியில் முதுகு காட்டி நின்றார்.

"தம்பிக்கு கிளினிக் என்ன கிழமை?" என்றார், திரும்பாமலே.

"வியாழன்."

"எங்களுக்குச் செவ்வாய்."

அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்தார். பிறகு, "எனக்கு இருதய வருத்தம் பிள்ளை," என்றார். "கனகாலம் இருக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டினம். இவளுக்கு 'சாப்பிடு' எண்டு சொல்ல ஒராள் வேணும் எண்டுதான் பார்த்தனான்."

நானும் அதற்குத்தான் வந்திருந்தேன். அவருக்கு அது விளங்கியிருந்தது. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே மாமாவின் சிரிப்புக் கேட்டது. "ரெண்டும் அமைதியான பிள்ளையள். அந்த வீட்டில ஒரு நாளும் சண்டை சச்சரவு வராது. ஆனியில கலியாணத்துக்கு ஒரு நாள் பாப்பம்."

நாங்கள் இருவரும் குசினி வாசலுக்கு வந்தோம். உள்ளதைச் சொல்வதென்றால் இப்போது சொல்லவேண்டும். விமலேஸ்வரி என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன்.

தர்சனும் பிரஷாந்தினியும் எதிரெதிரே இருந்தார்கள். இரண்டு கோப்பையிலும் பால் தேநீர் ஆறி, ஆடை பிடித்திருந்தது.

குடி என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.