அட்டையில் அம்மா

“பல்லு தெரியச் சிரிம்மா.”

அந்த வீட்டில் கேட்கவே கூடாதென்று சொல்லி வைத்திருந்ததை மாரிக்கனி கேட்டுவிட்டாள். முன்பல்லை அப்பா உடைத்ததிலிருந்து அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தித்தான் சிரிப்பாள். இன்று என்னவோ, கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். மகள் அதைப் போனில் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரிகை அட்டையாக்கினாள். ஓரத்தில் மடிப்புக்கோடும் நிழலும் வைத்ததும், கடையில் தொங்குகிற புத்தகமேதான்.

“ஏட்டி, அந்தப் பல்ல அடைச்சிரு.”

அடைத்துக் காட்டினாள். அம்மா உற்றுப் பார்த்தாள்.

“யாருட்டி இந்த டீச்சரம்மா?”

மாரிக்கனி புதுப்பல்லை அழித்தாள். ஓட்டை திரும்பி வந்தது. அம்மா அதைத் திரையிலேயே விரலால் தடவினாள்.

“ஒங்கப்பா கண்ணுல பட்டா?”

“படட்டும். சுவத்துலதான் மாட்டப்போறேன்.”

பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு, செருப்பை மாட்டி, பிரிண்ட் கடைக்கு நடந்தாள்.