மீன் வயிற்றில் முக்கால் மணி நேரம்

ஸ்கேன் மெஷின் மறுபடியும் தட்ட ஆரம்பித்தது. பாய்லர்காரரின் வலது கை பதில் தட்டத் துடித்தது.

நல்லவேளை, அதை முன்யோசனையாகத் தொடைக்கு அடியில் கொடுத்து வைத்திருந்தார்.

முதல் தடவை படம் கெட்டது அந்தக் கையால்தான். ஆலைப் பாய்லருக்குள் இறங்கிக் கரி சுரண்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நெருப்பு மூட்டும் முன் வெளியே நிற்பவன் இரும்பில் மூன்று தரம் தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் அவனும் மூன்று தரம் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் வெந்துபோவான்.

இருபத்தெட்டு வருடப் பழக்கம். மெஷின் தட்டியது, இவர் பதில் மரியாதை செய்தார். படத்தில் ஈரல் இருக்க வேண்டிய இடத்தில் மேகமூட்டம்.

அதனால் இன்றைக்கு ஸ்கேன்காரப் பெண் உள்ளே தள்ளும்போதே சொல்லிவிட்டாள்: “தட்டுறது மெஷினுண்ணே, ஆளு இல்ல. பேசாம படுத்திருங்க.”

இரண்டாம் தடவை கை ஒழுங்காகத்தான் இருந்தது. பத்தாவது நிமிடத்தில், இடது கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டார். அழுத்தினால் வெளியே எடுத்துவிடுவார்கள். மூச்சு முட்டுகிறது என்றார்.

ஆஸ்பத்திரியே நம்பியது. மனைவி மட்டும் நம்பவில்லை. பாய்லருக்குள் தலையணை கொண்டுபோய் மத்தியானத் தூக்கம் போடுகிற மனுஷனுக்கு எங்கிருந்து மூச்சு முட்டும்?

ஒருமுறை அப்படித் தூங்கும்போது, தட்டிக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தி நெருப்பு வைத்துவிட்டார்களாம். புகையோடு புகையாகப் புகைபோக்கி வழியே மேலே போய், இரண்டு மேகத்தை நலம் விசாரித்துவிட்டு, மேனேஜருடைய கார் மேல் இறங்கியதாகச் சொல்வார். கேட்கிற ஆளைப் பொறுத்து மேகத்தின் எண்ணிக்கை மாறும். முதுகில் இருக்கிற தழும்பு மட்டும் மாறாது.

இது மூன்றாம் தடவை. இன்றைக்கும் படம் வராவிட்டால் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் கிடையாது. வெள்ளிக்கிழமை தாண்டினால் ஆபரேஷனுக்கே வேலை இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு அர்த்தம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே வருமுன், வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது மனைவி பையிலிருந்து வேதாகமத்தை எடுத்தாள்.

“யோனா மீன் வயித்துல மூணு நாளு இருந்தாருங்க. உங்களுக்கு முக்கால் மணி நேரம். அதுவும் ஏசி போட்ட மீனு.”

யோனாவை அவருக்குப் பிடிக்கும். கடவுள் கிழக்கே போ என்றால் மேற்கே போகிற கப்பலைப் பிடித்த ஆள். புயலில் கப்பலே கவிழப் பார்க்கும்போது கீழ்த்தட்டில் படுத்துத் தூங்கிய ஆள். நம்ம தொழில்காரன்.

ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து அந்தக் கதை அவருக்கு, மீன் கக்குவதோடு முடிந்துவிடும். இன்றைக்கு மனைவி விடவில்லை. மிச்சமிருந்த இரண்டு அதிகாரத்தையும் வாசித்தாள். அவருடைய மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள்.

அந்த ஒன்றும் சொல்லாததுதான் இப்போது நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வயிற்றில் கட்டியிருந்த பட்டைகூட அவ்வளவு கனமில்லை.

“மூச்சை இழுங்க… பிடிங்க.”

பிடித்தார். மெஷின் தட்டியது. மூன்று மூன்றாக இல்லை, முப்பது முப்பதாக. இடது உள்ளங்கையில் பந்து, கோழிக்குஞ்சு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. ஓர் அழுத்து போதும். மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஊர் நம்பும்.

யோனாவும் மீனுக்குள் போன பிறகுதானே ஜெபம் பண்ணினார். கப்பலில் இருந்தவரைக்கும் கடவுளோடு பேச்சுவார்த்தை கிடையாது.

பாய்லர்காரரும் பேசினார், உதடு அசையாமல்.

‘ஆண்டவரே, எனக்கு இன்னும் மனசு வரவில்லை. யோனாவுக்கும் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் போனார் இல்லையா? மனசு பின்னால் மெதுவாக வரட்டும். உடம்பு முதலில் போகட்டும்.’

“விடுங்க,” என்றது குரல்.

மூச்சை விட்டார். பந்தைப் பிடித்திருந்த விரல்களையும் ஒவ்வொன்றாக விரித்தார். அது உருண்டு எங்கோ போய்விட்டது. இனி ஆசைப்பட்டாலும் எட்டாது.

நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் மீன் அவரைக் கக்கியது.

“படம் சுத்தமா வந்திருக்குண்ணே. உங்க தம்பி குடுத்துவச்சவரு.”

பாய்லர்காரர் செருப்பைத் தேடவில்லை. மனைவி பெஞ்சிலிருந்து எழுவதற்குள் அவளைத் தாண்டி நடந்தார். மீன் கக்கிய பிறகு யோனா போய்ச் சேர்ந்த ஊர், அவருக்கு ஆகவே ஆகாத ஊர். அந்த ஊர் பிழைத்துப்போனதுதான் மிச்சக் கதை.

வராந்தாவின் கடைசியில் தம்பியின் அறை.

வெள்ளிக்கிழமை இவருடைய ஈரலில் பாதியை வெட்டி அவனுக்கு வைக்கப்போகிறார்கள். குடும்பத்தில் பொருந்தியது இவருடையது மட்டும்தான். இருவரும் ஒரே பாய்லரில் வேலை பார்த்தவர்கள். பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. இவர் உள்ளே தூங்கிய அன்றைக்கு, ஷிப்டு முடிகிற அவசரத்தில், தட்டாமல் கதவைச் சாத்தியவன் அவன்.

இப்போது அவனுடைய கதவு சாத்தியிருந்தது.

பாய்லர்காரர் விரலை மடக்கி மூன்று தரம் தட்டினார்.

காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே, கட்டிலின் இரும்புக் கம்பியில், மெதுவாக, ஒன்று.

இரண்டு.

மூன்றாவதற்குக் காத்திருக்காமல் அவர் கதவைத் திறந்தார்.