தொண்ணூற்றாறு கிலோ

“கழட்டு. திரும்பக் கட்டு,” என்றார் வாரிக்.

இது மூன்றாவது முறை. இமோஜனின் முகம் சிவந்துவிட்டது.

“கயிறு நல்லாத்தானே இருக்கு!”

“ரெண்டு விரக்கடை நீளம் ஜாஸ்தி. பத்து நிமிஷத்துல தோள் கழண்டுடும். ஸ்கூட்டர் உன்னை இடுப்புப் பட்டையில பிடிச்சு இழுக்கணும். கை சும்மா திசை காட்டினா போதும்.”

தண்ணீருக்கடியில் ஆளை இழுத்துக்கொண்டு போகும் ஸ்கூட்டர் அது. கடையில் இமோஜன் ஆசைப்பட்டு எடுத்தது கைக்கடக்கமான சின்ன ஸ்கூட்டர். எங்கள் நீர்க்குகை கிளப்பிலேயே மூத்தவரான வாரிக் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு, இருப்பதிலேயே பெரியதை அவள் முன்னால் நிறுத்தினார். அந்தக் கடையில்தான் எனக்கு வேலை. ரசீது போட்ட எனக்கே சங்கடமாக இருந்தது.

இப்போது அந்தப் பூதத்தை மாட்டுப் பண்ணை வழியாக, பள்ளத்து நீர்க்குகை வரைக்கும் நானும் இமோஜனும் தூக்கி வந்திருந்தோம். மாடுகள்கூட நின்று பார்த்தன.

“இமோஜன், நீ அதை ஓட்டப் போறியா, இல்ல அது உன்னை ஓட்டப் போகுதா?” என்று சிரித்தார் நெவில். கிளப்பின் தலைவர் அவர்.

“இந்த வாரிக் பெரிசு என்னைத் துரத்தத்தான் இதெல்லாம் பண்ணுது,” என்று என் காதில் முணுமுணுத்தாள் இமோஜன்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த மாதம் நல்லர்பார் சமவெளியில் ஒரு பெரிய நீர்க்குகைக்குப் பயணம். மூன்று பேருக்குத்தான் அனுமதி. நெவில், வாரிக் இருவரும் நிச்சயம். மூன்றாவது இடத்துக்காக இமோஜன் இரண்டு வருஷமாகத் தவம் கிடக்கிறாள்.

“உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா,” என்றார் நெவில். “நாலு கிலோமீட்டர் உள்ள போனப்புறம் வாரிக்கோட ஸ்கூட்டர் நின்னுபோச்சுன்னு வை. ஆள் தொண்ணூத்தாறு கிலோ. நீ அதுல பாதி. இழுத்துட்டு வந்துடுவியா?”

“பயிற்சியில ஆறு தடவை இழுத்திருக்கேனே!”

“பயிற்சியில இழுபடுறவன் பாவம் பாத்து நைசா காலை ஆட்டிக் கொடுப்பான். நிஜமா ஒருத்தனுக்கு ஸ்கூட்டர் நின்னாத்தான் தெரியும். அனுமதி தர்றவங்களுக்கு இன்னிக்கு மதியம் மூணாவது பேரைச் சொல்லியாகணும். நான் டேமியனைச் சொல்லிடறேன். டேமியன் எருமை மாதிரி இருக்கான்.”

இமோஜன் குனிந்து கயிற்றை நான்காவது முறையாக அவிழ்த்துக் கட்டினாள். வாரிக் இழுத்துப் பார்த்துவிட்டு, “ம்,” என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

மூவரும் இறங்கினார்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி. கரையில் உட்கார்ந்தபடியே அடியில் இருக்கும் குகை வாய் வரை பார்க்கலாம். ஒரு மணி நேரம் கழித்து அங்கே வெளிச்சம் தெரிந்தது.

முதலில் வந்தது இமோஜன். அவள் இடுப்பிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் வாரிக், மூட்டை மாதிரி. அவருக்கும் பின்னால் அவருடைய ஸ்கூட்டர் சும்மா தொங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் நெவில்.

மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் நெவிலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“பெரிசோட பேட்டரி காலி! நானூறு மீட்டர் உள்ள போயி!”

“சார்ஜ் போட மறந்துட்டேன்,” என்றார் வாரிக், யாரையும் பார்க்காமல்.

“ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற வாய் இது! நான் பின்னாடியேதான் வந்தேன். மனுஷன் காலைக்கூட அசைக்கல, மரக்கட்டை மாதிரி கிடந்தார். பதினோரு நிமிஷம்! இந்தப் பொண்ணு ஒரு தடவை நிக்கணுமே? ம்ஹும்!”

ஈரக் கையோடு போனை எடுத்து, நெவில் அங்கேயே பேரைச் சொன்னார். “இமோஜன். ஆமா, இமோஜன்தான். டேமியன் இல்ல.”

அவள் என்னைக் கட்டிப்பிடித்ததில் நானும் நனைந்தேன்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் மடத்தனம் செய்தவர் கழுத்தில், இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்த உடைந்த ஸ்கூட்டர் விசிறி ஒன்றைத் தொங்கவிடுவோம். அடுத்தவர் மடத்தனம் செய்யும்வரை ஒவ்வொரு விருந்திலும் மாட்டிக்கொண்டு வர வேண்டும். பதினெட்டு வருஷமாக வாரிக் கழுத்துக்கு அது போனதே இல்லை.

நெவில் ஓடிப் போய் வண்டியிலிருந்து அதை எடுத்துவந்தார்.

“நல்லர்பாருக்குப் போறப்ப உங்க பேட்டரியை இமோஜன்தான் பாத்துக்குவா, சரியா தாத்தா?”

“சரி,” என்றார் வாரிக்.

“இனிமே என் கயிறைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது!” என்றாள் இமோஜன்.

“பேசல.”

சாயங்காலம் கிளப் விருந்தில், கழுத்தில் விசிறி ஆட, அவர் போய் அடுப்பில் சாசேஜ்களைத் திருப்ப ஆரம்பித்தார். நெவில் புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு முறையும் சிரிப்பு கூடிக்கொண்டே போனது.

ஸ்கூட்டர்களைக் கழுவிச் சார்ஜ் போடுவது என் பொறுப்பு.

“என்னோடதை விட்டுடு, நான் பாத்துக்கறேன்,” என்று வாரிக் இரண்டு முறை குரல் கொடுத்தார். வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். காலி பேட்டரியை இன்னொரு தடவை யாரும் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று, அவர் திரும்பி நின்ற நேரம் பார்த்து நானே வயரைச் செருகினேன்.

சின்னத் திரை ஒளிர்ந்தது. பேட்டரியில் மிச்சம், எண்பத்தொரு சதவீதம்.